மார்ச் முப்பத்தொன்று, தல்லாகுளம்

இரவு பத்தேகால்.
ஊர்ப் பெயரில் குளம் இருக்கிறது,
எங்கள் நீர்வளத் துறை அலுவலகத்துக்குத்
தண்ணீர் கேனில் வருகிறது.

பில்கள் வந்துகொண்டே இருக்கின்றன,
கல்யாண வீட்டுக் கடைசிப் பந்தி மாதிரி.
பன்னிரண்டு அடித்தால் மிஞ்சிய காசு சரண்டர்.
அதற்குள் நாற்காலி வாங்குகிறார்கள்,
டோனர் வாங்குகிறார்கள்,
வாங்கியதாக என்னிடம் ஒரு கையெழுத்தும் வாங்குகிறார்கள்.

உதவிப் பொறியாளர் தில்ஷாத் பேகம்
பில் இல்லாமல் வந்தார்.
கையில் நூல் கட்டிய பழைய ஃபைல்:
நெடுங்கரைக் கண்மாய், மூன்றாம் மடை.

"இது உங்க சுருக்கொப்பம்தானே சார்?"

என்னுடையதுதான்.
தொண்ணூற்றெட்டில் மடைப்பலகை மாற்ற
நாற்பத்திரண்டாயிரம் கேட்டிருந்தார்கள்.
"நிதிநிலை சீரடைந்த பின் பரிசீலிக்கலாம்"
என்று எழுதினேன்.
இரண்டாயிரத்து ஐந்தில் நாலு லட்சம். அதே வரி.
பதினொன்றில் பத்தொன்பது லட்சம். அதே வரி,
இந்தமுறை கம்ப்யூட்டரில்.
போன கார்த்திகையில் ராத்திரியோடு ராத்திரியாகக்
கரையே போனது.
இப்போது இரண்டு கோடியே பத்து.

நிவாரணம் ஒரு கணக்குத் தலைப்பு,
மணல்மூட்டை இன்னொன்று,
கோடையில் டேங்கர் லாரி வேறு இலாகா.
ஒரு தலைப்பு மற்றதன் முகத்தைப் பார்த்ததில்லை.
தில்ஷாத் எல்லாவற்றையும்
ஒரே பத்தியில் பென்சிலால் எழுதிக் கூட்டியிருந்தார்.
இருபத்தைந்து வருஷம், ஆறு கோடியே எண்பது.

"மிச்சம் பிடிச்சிருக்கோம் சார்" என்றார்,
"நாற்பத்திரண்டாயிரம்."

மின்விசிறிச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.

என் சம்பளப் பட்டியலில் இரண்டு கடன் பிடித்தம்.
ஒன்று மகள் நர்சிங் படித்தது.
இன்னொன்று தீபாவளிக்கு வாங்கிய சோபா,
அதில் இப்போது பூனை படுக்கிறது.
இரண்டும் ஒரே கட்டத்தில், ஒரே எழுத்தில்,
கடன் என்றுதான் போட்டிருக்கும்.
மாசம் பிறந்தால் மகள் அனுப்புகிற பணத்தில்தான்
சோபாவுக்கும் தவணை போகிறது.

பற்றாக்குறை, பற்றாக்குறை என்று
சாயங்காலம் டிவியில் ஒருவர் மேஜையைத் தட்டினார்.
பொய்யில்லை, பற்றவில்லைதான்.
ஆனால் விதைநெல்லை அவித்துத் தின்றவன் வீட்டிலும்
அன்றைக்கு ஒருநாள்
கணக்கு நேராகத்தானே இருந்திருக்கும்.

நாற்பது வருஷக் கடன் திட்டம் ஒன்று இருக்கிறதாம்.
படிவம் கொண்டுவந்திருந்தார்.
'பயன் தரும் ஆண்டுகள்': அறுபது என்று நிரப்பினார்.
'திருப்பிச் செலுத்துவோர்' என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
இனிமேல் பிறக்கப்போகிறவர்கள் என்று எழுத முடியாது.
"அவங்க தலையில கடன் வைக்கலாமா சார்?" என்று கேட்டவர்,
நான் வாயைத் திறப்பதற்குள்,
"உடைஞ்ச கரையை வைக்கிறோமே" என்று
தமிழ்நாடு அரசு என எழுதி மூடினார்.

'எதிர்பார்க்கும் வருவாய்' கட்டத்தில்
நான்தான் திணறினேன்.
நானூறு ஏக்கர் இரண்டாம் போகம்,
கிணறுகளில் ஏறுகிற நாலு முழம் தண்ணீர்,
திருப்பூர் பஸ் ஏறாத பையன்கள்,
எதற்கும் ரசீதுப் புத்தகம் கிடையாது.
இணைப்பு காண்க என்று போட்டேன்.
இணைப்பை இனிமேல்தான் எழுத வேண்டும்.

பன்னிரண்டு தாண்டிவிட்டது.
நாற்காலிகள் தப்பித்தன.
எங்கள் கடிதத்துக்குத் தேதி ஏப்ரல் ஒன்று.
இரண்டுபேரும் சிரித்துவிட்டோம்.

சுருக்கொப்பம் போடவில்லை.
அ. பிச்சைமணி, கோட்டக் கணக்கர்
என்று முழுசாக எழுதினேன்.
ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கிறது,
வேண்டுமானால் கேட்கட்டும்.

கீழே டிவிஎஸ் எக்ஸெல்லில் சாய்ந்தபடி
பாசனச் சங்கத்து வெள்ளைக்கண்ணு,
பரோட்டாப் பொட்டலத்தைப் பிரிக்காமல்.
"என்னங்க ஆச்சு?"
"போயிருக்கு" என்றேன்.

இதே சொல்லைத்தான்
அவர் அப்பாவிடமும் சொல்லியிருந்தேன்.
அவர் அதைச் சொல்லவில்லை.
வண்டியை மிதித்தார். மூன்றாவது மிதிக்குத்தான் பிடித்தது.